கன்ட்ரோல் அண்ணாச்சியின் சுண்டுவிரல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகையில் எழுதும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவள் இத்தனை பேர் படிக்கும் இடத்தில் வந்து நிற்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் கன்ட்ரோல் அண்ணாச்சியைப் பற்றி வேறு யாராவது எழுதினால் புகழ்ந்து தள்ளிவிடுவார்கள். அதைத் தடுப்பதற்காவது நான் எழுதியாக வேண்டும்.

கோவில்பட்டியில் தாலி கட்டியதும் கல்யாணம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுற்றியுள்ள கரிசல்காட்டு ஊர்கள் எதிலும் அப்படி முடிந்ததில்லை. கன்ட்ரோல் அண்ணாச்சி கீபோர்டிலிருந்து தன் இடதுகைச் சுண்டுவிரலை எடுத்தால்தான் கல்யாணம் முடிந்ததாக அர்த்தம். அதுவரை பெண்ணும் மாப்பிள்ளையும் பாதிக் கல்யாணம் ஆனவர்கள்தான்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு போட்டோ ஸ்டுடியோவில். எனக்கு ஆல்பம் டிசைன் வேலை. ப்ளைவுட் தடுப்புக்குப் பின்னால், பழைய பேக்டிராப் துணிகளுக்கு நடுவில் என் கம்ப்யூட்டர். தடுப்புக்கு முன்னால், ஏ.சி. காற்று நேராக முகத்தில் படும் இடத்தில் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர். அங்கே நியாயம் எப்படி இருந்தது என்பதை இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

இப்போதெல்லாம் கேமராக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளிவிடுகிறார்கள். ஆல்பத்தில் ஏறுவது அதில் கொஞ்சம்தான். எது ஏற வேண்டும் என்பதைக் குடும்பத்தார் வந்து உட்கார்ந்து, பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல ஒருவர் அந்தப் படங்களைக் குறித்துக்கொண்டே வந்து, கடைசியில் மொத்தமாக வேறு போல்டருக்கு மாற்றுவார். அதற்குத்தான் செலக்சன் என்று பெயர்.

குறிப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கீபோர்டின் இடது ஓரத்தில், கீழே, கன்ட்ரோல் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு ஒரு படத்தை மவுஸால் தட்டினால் படம் நீலமாகும். அடுத்ததைத் தட்டினால் அதுவும் நீலமாகும். முந்தியதும் அப்படியே இருக்கும். கன்ட்ரோலை அழுத்தாமல் தட்டினால் மட்டும், அதுவரை நீலமானதெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். தட்டும் நேரத்தில் பட்டனில் விரல் இருந்தால் போதும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் விரலை எடுக்கலாம், சொடக்குப் போடலாம், சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வரலாம். ஒன்றும் ஆகாது.

அண்ணாச்சி எடுக்க மாட்டார். முதல் படத்தில் வைத்த சுண்டுவிரலைக் கடைசிப் படம் முடிந்துதான் எடுப்பார். அரை நாள் ஆனாலும் சரி, மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் நடுவில் சண்டை போட்டு வெளியே போய், சமாதானமாகித் திரும்பி வந்தாலும் சரி, அந்த விரல் அங்கேயே இருக்கும். அதனால்தான் கன்ட்ரோல் அண்ணாச்சி. அவருடைய நிஜப்பெயர் முதலாளிக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தைரியத்தையெல்லாம் திரட்டி அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நடுவுல வெரல எடுத்தாலும் ஒண்ணும் போகாது."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"போகாதுன்னு ஒனக்குத் தெரியும் தாயி. எனக்குந் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

உட்கார்ந்திருந்த குடும்பமே சிரித்தது. முதலாளி அதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குத் தடுப்புக்குப் பின்னால் போனவள்தான் நான்.

அண்ணாச்சி அதற்கு முன்னால் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரியாக இருந்தவர். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே அத்தனை பெண்களைச் சிரிக்க வைத்தே வேலை வாங்கிய வாய் அவருடையது. அறுபதை ஒட்டிய வயது. நெற்றி நிறையத் திருநீறு. தலை நரைத்திருந்தாலும் மீசை மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும். மவுஸ் பிடிப்பதை எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்துதான் கற்றுக்கொண்டாராம். வந்த கொஞ்ச நாளிலேயே முன்வரிசை நாற்காலியைப் பிடித்துவிட்டார். நான் மூன்று மாதம் கோர்ஸ் படித்துச் சர்ட்டிபிகேட் வாங்கியவள்.

செலக்சன் ஆரம்பிக்கும்போது பார்க்க வேண்டும். கை கழுவி, துடைத்து, சுண்டுவிரலை மட்டும் தனியாக நீவிவிட்டுக்கொள்வார். கன்ட்ரோல் பட்டனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "முருகா" என்று விரலை வைப்பார். அவ்வளவுதான், ஸ்டுடியோவில் எல்லாம் நின்றுவிடும்.

"பெஞ்சுல யாரும் காலாட்டக் கூடாது. தும்மல் வந்தா வெளிய போய்த் தும்முங்க. போன் அடிச்சா அப்பிடியே எந்திரிச்சுப் போயிருங்க, மேசையில கை ஊணக் கூடாது. வெரல் எந்திரிச்சா அம்புட்டும் போயிரும், பாத்துக்கிடுங்க."

பொய். பச்சைப் பொய். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கோயிலில் நிற்பதுபோல் நிற்பார்கள்.

இடதுகை பட்டனில், வலதுகை மவுஸில். அப்புறம் அவர் டீ குடிப்பது எப்படி? அங்கேதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பிக்கும். பெண்ணின் அம்மா கடலை மிட்டாயை உடைத்து அவர் வாயில் போடுவார். மாப்பிள்ளையின் அக்கா டீயை ஆற்றி, பக்குவம் பார்த்து அவர் உதட்டில் சரிப்பார். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுவார். எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு கல்யாணத்தில், புது மாப்பிள்ளையே எழுந்து நின்று அவருக்கு முதுகு சொறிந்துவிட்டதை நான் தடுப்பு இடுக்கு வழியாக என் கண்ணால் பார்த்தேன்.

"கொஞ்சம் மேல மாப்ள. இன்னுங் கொஞ்சம். ஆங், அங்கனதான். நல்லாரு. இந்த மால மாத்துத படத்தப் போட்டுருவமா?"

"போடுங்க அண்ணாச்சி, நீங்க பாத்து எது போட்டாலும் சரி."

நான் ராப்பகலாக உட்கார்ந்து அந்த மாப்பிள்ளையின் முகத்தில் இருந்த பரு ஒவ்வொன்றையும் அழித்தவள். எனக்கு ஒருவரும் டீ கிளாஸைக் கொஞ்சம் நகர்த்திக்கூட வைத்ததில்லை.

அவர் தப்பே செய்ய மாட்டாரா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்வார். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராது. படங்கள் பெரிதாகும், அல்லது சிறிதாகும். ஒரு நாள் ஞாபகமில்லாமல் உருட்டிவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா முகம் ஊதிக்கொண்டே வந்து திரை முழுக்க நின்றது. குடும்பம் மிரண்டு பின்னால் சாய்ந்தது. வேறு யாராக இருந்தாலும் அசடு வழிந்திருப்பார்கள். அண்ணாச்சி அசையவில்லை.

"நல்லா கிட்டத்துல பாத்துக்கிடுங்க. நாளைக்கு மூக்கு சரியில்ல, முழி சரியில்லன்னு என்கிட்ட வரப்புடாது."

எல்லோரும் எழுந்து குனிந்து பெரியப்பாவின் மூக்கை ஆராய்ந்தார்கள். இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிற ஆள் மதுரையில்கூட இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இன்னொரு தடவை நடந்தது அதைவிட மோசம். கன்ட்ரோலை அழுத்தியபடி தட்டும்போது மவுஸ் ஒரு நூல் இழுபட்டுவிட்டால், நீலமாக இருக்கிற படங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு நகல் போட்டுவிடும். ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் பயப்படுகிற விபத்து இது. கதவோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் விதியை மீறித் தும்ம, அண்ணாச்சியின் வலதுகை துள்ள, அத்தனை படமும் இரண்டு இரண்டாகிவிட்டது. மணப்பெண் இரண்டு, மாப்பிள்ளை இரண்டு, குத்துவிளக்கு இரண்டு, தாய்மாமன் இரண்டு. தாய்மாமன் ஒருவரே அந்தக் குடும்பத்துக்கு அதிகம் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

நான் தடுப்புக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்றைக்கு மாட்டினார் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். பெண்ணின் அம்மாவைப் பார்த்தார்.

"தாயி, எழுதி வச்சுக்கிடுங்க. ஒங்க மகளுக்கு எரட்டப் புள்ளைதான்."

அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நகல்களை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடம் அந்தப் பெண்ணுக்கு ஒற்றைப் பிள்ளைதான் பிறந்தது. அதை நினைவு வைத்துக்கொண்டு வந்து யாரும் அண்ணாச்சியிடம் கேட்கவில்லை. ஒரு பெட்டி கடலை மிட்டாயோடுதான் வந்தார்கள்.

அவரிடம் இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. வேண்டாம் என்று சொன்ன படத்தையும் போட்டுவிடுவார்.

"இவிய வேண்டாம் அண்ணாச்சி. எங்க சின்ன மாமனாரு. வரப்புத் தகராறு. சாப்புட மட்டும் வந்தாவ, எங்களோட ஒரு வார்த்த பேசல."

"வேண்டாம்னா வேண்டாந்தான் தாயி" என்று சொல்லிக்கொண்டே சத்தமில்லாமல் தட்டி, அது நீலமாவதற்குள் பக்கத்தை நகர்த்திவிடுவார். ஆல்பம் கைக்குப் போனதும் அவர்கள் வந்து நிற்பது என் முன்னால்தான். "இவிய எப்பிடிம்மா உள்ள வந்தாவ?" என்று கேட்பார்கள். நான் திருதிருவென்று விழிப்பேன். அண்ணாச்சி முன்னாலிருந்தே குரல் கொடுப்பார்.

"மனுசன் வெலக்கி வச்சாலும் கம்ப்யூட்டரு வெலக்காது தாயி. வந்தது வந்துட்டாவ, இருந்துட்டுப் போகட்டும்."

அவர்கள் அதையும் ஏற்றுக்கொள்வார்கள். அதில் ஒரு குடும்பம் சின்ன மாமனார் வீட்டுக்கே ஆல்பத்தை எடுத்துக்கொண்டுபோய்க் காட்டியதாகவும், வரப்பு இரண்டு அடி தள்ளிப் போனதாகவும் கேள்விப்பட்டேன். பெயர் அண்ணாச்சிக்கு, வசவு எனக்கு.

ஒரே ஒரு நாள் எனக்கும் வாய்ப்பு வந்தது. அண்ணாச்சியின் மகள் மணியாச்சியில் ரயில்வே வேலையில் இருந்தாள். பேத்திக்குக் காதுகுத்து என்று அவர் லீவு போட்டுவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குடும்பம் செலக்சனுக்கு வந்துவிட்டது. முதலாளி என்னை முன்னால் உட்கார வைத்தார்.

நான் முறையாகச் செய்தேன். நிச்சயதார்த்தம், நலங்கு, முகூர்த்தம், பந்தி என்று முதலிலேயே தனித்தனிப் போல்டராகப் பிரித்துக்கொண்டேன். ஒவ்வொரு போல்டரிலும் தேர்ந்தெடுத்ததை அப்போதைக்கப்போதே மாற்றினேன். போவதற்கும் தொலைவதற்கும் எதுவும் இல்லை. விரலைத் தாராளமாக எடுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"முடிஞ்சுட்டுது" என்றேன்.

"இம்புட்டுத்தானா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொண்டுவந்த முறுக்கு டப்பா திறக்காமலேயே இருந்தது. சரி, நாளைக்கு அண்ணாச்சி வரட்டும், ஒரு தடவை அவியளும் பாத்துட்டா திருப்தியா இருக்கும் என்றார்கள். மறுநாள் வந்து, சாயங்காலம் வரை உட்கார்ந்து, நான் தேர்ந்தெடுத்த அதே படங்களைத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். முறுக்கு டப்பா திறந்தது. ஊட்டிவிட்டார்கள். கடக் கடக்கென்று அவர் கடிக்கிற சத்தம் தடுப்புக்குப் பின்னால் எனக்கு நன்றாகக் கேட்டது.

இப்படி இருக்கையில்தான் என் அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது புதூர்ப் பக்கம். மானாவாரி நிலம், ஆட்டுக்கிடை, கம்மாக் கரையில் வீடு. நான் கோவில்பட்டியில் என்ன வேலை பார்க்கிறேன் என்று அந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "ஸ்டுடியோவுல என்னமோ ஒட்டுதா" என்று அக்கா சொல்வாள். ஸ்டுடியோவைப் பெருக்குகிறேன் என்றே அத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு செலக்சனை மட்டும் நான் செய்ய வேண்டும், முன்னால் இருக்கும் அந்த நாற்காலியில் என் ஆட்கள் கண்முன்னால் ஒரு தடவை உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. கல்யாணத்தன்று சாம்பார் வாளி தூக்கியபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நம்ம செலக்சன நானே பாத்துருதேன்."

"ஏட்டி, ஒனக்கு எதுக்கு அந்தப் பாடு? மாப்ள வீட்டுக்காரவிய வாராவ. அண்ணாச்சி இருந்து போட்டாத்தான் நமக்கு மரியாத."

"நான் இங்கனதானக்கா வேலை பாக்குதேன்."

"அதத்தான் சொல்லுதேன். முன்னக்கூட்டியே அண்ணாச்சிகிட்டச் சொல்லி வச்சிரு. நீ கூட மாட நின்னு டீ வாங்கிக் குடு."

சொல்லி வைத்தேன். வேறு என்ன செய்வது?

வேனில் வந்து இறங்கினார்கள். அக்கா, அத்தான், புதுப்பெண், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா. நான் டீ கிளாஸ் தட்டோடு அவர்களுக்குப் பின்னால் நின்றேன். அண்ணாச்சி விரலை நீவி, கண்ணில் ஒற்றி, முருகனைக் கூப்பிட்டு ஆரம்பித்தார்.

முதலிலேயே அத்தான் குறுக்கிட்டார்.

"அண்ணாச்சி, அந்தா பின்னால கெடா தெரியுதுல்லா? மறுவீட்டு விருந்துக்குக் கட்டியிருந்தது. என்ன நிமிந்து நிக்கி பாத்தீங்களா! அதப் போடுங்க."

"போட்டாச்சு தம்பி."

"இதுலயும் நிக்கி."

"இதையும் போட்டுருவோம். நல்ல முகவெட்டு."

கிடா வரிசையாக நீலமாகிக்கொண்டே போனது. நான் எந்தப் படத்தில் இருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. கேமராவைக் கண்டால் யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒதுங்கிவிடுவது என் சுபாவம். என்னை நானே படத்தில் தேடும் பழக்கமும் இல்லை. இருந்தாலும் ஒரு கிடாவைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைமை எனக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அண்ணாச்சி தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார். பந்தியில் முன்வரிசை முழுக்கக் கண்ணை மூடியிருந்த ஒரு படம்; அதைத் தட்டினார். மணமேடையில் யாரோ ஒருவர் கை குறுக்கே வந்து பாதியை மறைத்த படம், அதையும் தட்டினார். அப்புறம் ஒரு மங்கலான படம்.

அந்தப் பந்திப் படத்தைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மாவே கேட்டுவிட்டார். "இது எதுக்கு அண்ணாச்சி? எல்லாரும் கண்ண மூடிட்டுல்லா இருக்கோம்?"

"வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு தாயி. கெடக்கட்டும்."

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கண் போய்விட்டது அண்ணாச்சிக்கு. இனி முதலாளி யோசிக்கத்தான் வேண்டும். அந்த நாற்காலியில் என்ன குஷன் போடலாம் என்பதுவரைக்கும் நான் போய்விட்டேன்.

மறுவீட்டுப் படங்கள் வந்தன. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அக்கா கடலை மிட்டாயை உடைத்து அண்ணாச்சி வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை.

"யம்மாடி!"

சுண்டுவிரல் இழுத்துக்கொண்டது. கை தன்னால் மேலே எழும்பியது. கீபோர்டைவிட்டு, எல்லோரும் பார்க்கப் பார்க்க, அந்த விரல் அந்தரத்தில் கொக்கிபோல நின்றது.

"போச்சே!" என்றார் அண்ணாச்சி.

"போச்சா?" என்றாள் அக்கா.

போகவில்லை. திரையில் அத்தனையும் நீலமாக அப்படியே இருந்தன. நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன். தொடாமல் இருந்தால் போதும், மறுபடி விரலை வைத்துவிட்டுத் தொடரலாம். "தொடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் தொண்டை வழக்கம்போல் அடைத்துக்கொண்டது. அண்ணாச்சி பதற்றத்தில், போனதா இல்லையா என்று பார்க்க, வலதுகையால் மவுஸைத் தட்டப் போனார்.

"தொடாதீங்க அண்ணாச்சி!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தட்டில் கிளாஸ் உருண்டது. ஆனால் நான் கத்தி முடிப்பதற்குள் அவர் தட்டிவிட்டார். கன்ட்ரோல் இல்லாத வெறும் தட்டு. நீலமெல்லாம் போய்விட்டது. திரையில் ஒரே ஒரு படம் மட்டும் நீலமாக நின்றது.

கிடா.

அண்ணாச்சி தன் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த காட்சி இது. அனுபவிக்கலாம் என்று பார்த்தால், அந்தக் கறுத்த மீசைக்குக் கீழே உதடு லேசாக நடுங்கியது. என்னால் சரியாக அனுபவிக்க முடியவில்லை. அதிலும் எனக்கு அவர் மேல் கோபம்தான்.

அவர் எழுந்தார்.

"தாயி, நீ வந்து உக்காரு."

"அவளா?" என்றாள் அக்கா.

"அவதான். ஆல்பம் யாரு செய்யுதாங்கீங்க? நானா? நான் வெறும் வெரலு தாயி. இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணுந் தெரியாது."

உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். முதல் படத்தைத் தட்டிவிட்டு விரலை எடுத்ததும், "எம்மா, எடுத்துட்டாளே!" என்று மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்தார். ஒன்றும் போகவில்லை. இரண்டாவது தடவை எடுத்தபோது அத்தான் எழுந்து நின்றுவிட்டார். அப்போதும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் நான் விரலை எடுக்கும்போதெல்லாம் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்ட ஆரம்பித்தார்கள். சர்க்கஸில் கம்பியில் நடப்பவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"ஏட்டி, இதெல்லாம் ஒனக்கு எப்பம் தெரியும்?" என்று அக்கா காதோடு கேட்டாள். பிறகு கடலை மிட்டாயை உடைத்து என் வாயருகே கொண்டுவந்தாள். என் இடதுகை சும்மாதான் இருந்தது. வாங்கிக்கொண்டிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன்.

பந்திப் படங்கள் வந்து போயின. பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"தாயி, ஒண்ண விட்டுட்ட."

"எது அண்ணாச்சி?"

"அந்தா, முன்வரிசைக் கண்ணு மூடுன படம்."

"அதுல எல்லாரும் கண்ண மூடியிருக்காவளே."

"ஒங்கண்ணு தொறந்திருக்குல்லா."

பார்த்தேன். கண் மூடிய முன்வரிசைக்குப் பின்னால், ஓரத்தில், கையில் சாம்பார் வாளியோடு நான். எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அப்புறம் மணமேடைப் படம். குறுக்கே வந்த கைக்குப் பின்னால், அட்சதைத் தட்டோடு பாதி முகம். மங்கலான அந்தப் படத்தில், அக்கா மகளுக்குப் பின்னால் குனிந்து அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருப்பதும் நான்தான். அத்தனை ஆயிரம் படங்களில் நான் ஒதுங்க முடியாமல் அகப்பட்டுக்கொண்ட படங்கள் அவை மட்டும்தான். ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

அக்கா திரைக்குக் கிட்டே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"போடுட்டி" என்றாள்.

போட்டேன். மூன்றும் நீலமாயின.

இப்போது அண்ணாச்சி மணியாச்சியில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டார். முன்வரிசை நாற்காலி எனக்கு வந்துவிட்டது. ஏ.சி. காற்று முகத்தில் படுகிறது, சளிதான் பிடிக்கிறது. வருகிற குடும்பமெல்லாம், "அண்ணாச்சி இல்லியா?" என்றுதான் முதலில் கேட்கிறது. எனக்கு இன்னமும் பொறாமைதான். ஆனாலும் கன்ட்ரோலில் விரல் வைக்கும்போது, படத்தின் ஓரத்தில் யாராவது வாளியோடு நிற்கிறார்களா என்று என் கண் தன்னால் தேடுகிறது. அதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

இதெல்லாம் பிற்பாடு நடந்தது. அக்கா வீட்டுச் செலக்சன் முடிந்த மறுநாள், முகூர்த்த நாள் என்பதால் ஸ்டுடியோவுக்கு யாரும் வரவில்லை. அண்ணாச்சி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து விரலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கிடாவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன்.